வாயாலோ எழுத்தாலோ

பிப்ரவரி 5, 2002
கடல் எண்ணெய்த் தளம், கிரேன் அறை

திருமதி தெஸ்பினா அவர்களுக்கு,

முதலில் பொறுப்பு மாற்றக் குறிப்பு.

வடகிழக்குக் காற்றில் இடது பிரேக் இழுக்கிறது. கொஞ்சம் முன்னதாகவே பிடியுங்கள். கண்ணாடி துடைக்கும் பட்டை போய்விட்டது. புதிது கேட்டிருக்கிறேன். வராது. இன்று மதியச் சாப்பாடு முட்டைக்கோஸ் சுருள்.

நாற்காலி. நீங்கள் விட்டுப்போகும்போது அது தரையைத் தொடுகிறது. நெம்புகோல் துருப்பிடித்தது. ஒவ்வொரு முறையும் அதை ஏற்ற எனக்கு இருபது நிமிடமும் ஒரு சுத்தியலும் வேண்டியிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

குறை இனிதான்.

நேற்று பெத்ராக்கே ரேடியோ அறைக்கு ஃபோன் செய்தார். என் ஏஜென்சிக்காரர். உங்களுடையது வேறு ஏஜென்சி என்று தெரியும். மே முதல் தேதியிலிருந்து புது ஒப்பந்தம், நாள் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டு என்றார். முடியாது என்றேன். சிரித்தார்.

"என்ன ராசா, உன் ஜோடி எப்பவோ சரின்னுட்டாங்க. ஒரே கிரேன், ஒரே நாற்காலி. உனக்கு மட்டும் என்ன தனி விலை?"

ஒரே நாற்காலி, ஆனால் ஒரே உயரம் இல்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் ஃபோனை வைத்துவிட்டார்.

மூன்று வருடம். இரண்டு வாரம் நான், இரண்டு வாரம் நீங்கள். ஹெலிகாப்டர் உங்களை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொள்ளும் அந்தப் பத்து நொடியில், இருவர் காதும் மூடியிருக்கும். உங்கள் குரல் எனக்குத் தெரியாது. கையெழுத்து தெரியும். உதட்டுச் சாயம் பட்ட குவளை தெரியும். இந்த பிஸ்கட் டப்பாவில் போடும் குறிப்பில் பிரேக்கைப் பற்றி எழுதும்போது கீழே ஒரு வரி சேர்த்திருக்கலாம். குறைக்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று.

ஒரு வரி.

காஸியன்


பிப்ரவரி 19

காஸியன் தம்பி,

இந்தத் திருமதி எல்லாம் வேண்டாம். மங்காலியா கப்பல் கட்டும் துறையில் பதினாறு வருஷம் கிரேன் ஓட்டியிருக்கிறேன். அங்கே பாதிக் கிரேன்களில் பெண்கள்தான் உட்கார்ந்திருப்போம். ஒருத்தரும் எங்களைத் திருமதி என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட பெயர்களை எழுதினால் டப்பா சிவந்துவிடும்.

பிரேக்கை முன்னதாகவே பிடித்தேன். நீங்கள் எழுதியது சரி. நாற்காலியைப் பற்றி: என் கால் தரையில் எட்ட வேண்டாமா? நெம்புகோலில் பள்ளம் பள்ளமாக இருப்பது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. நான் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இறக்குகிறேன். எண்ணெய்க் கிணற்றுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு சுத்தியல் தேடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி உங்கள் குறைக்கு வருகிறேன். நான் சரி என்று சொல்லவில்லை. என் ஏஜென்சியில் திருமதி மோல்தோவன் ஜனவரியில் என்னிடம் சொன்னது வேறு: "அந்தப் பையன் கையெழுத்தே போட்டுட்டான் தெஸ்பினா. படிச்ச பையன், சொன்னதும் புரிஞ்சுக்கிட்டான்."

நீங்கள் விழுந்துவிட்டதாக என்னிடமும், நான் விழுந்துவிட்டதாக உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். இருவரும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்களுக்கு எவ்வளவு? ஆனால் கேட்டு நீங்கள் எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ஒன்பதாவது பிரிவைப் பாருங்கள். சம்பளத் தொகையை வாயாலோ எழுத்தாலோ இன்னொருவருக்குத் தெரிவித்தால் அன்றோடு வேலை முடிந்தது. நீங்கள் வருவதற்கு முன் இஸ்மாயில் என்று ஒரு வெல்டர் இருந்தான். சம்பளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினான். அடுத்த ஹெலிகாப்டரில் அவனுக்கு இடம் போட்டுவிட்டார்கள்.

ஆக வாயும் எழுத்தும் அடைத்தாயிற்று. நாள் முழுக்க நாம் எதைப் பார்த்து வேலை செய்கிறோம் தம்பி? கீழே நிற்கிறவனுடைய வாயையா?

மார்ச் ஐந்தாம் தேதி நான் வந்து இறங்கும்போது கையைத் தூக்குங்கள். சம்பளம், விரலில். மூன்று இலக்கம். நானும் காட்டுகிறேன்.

தெஸ்பினா

பி.கு. மதியம் என்ன சாப்பாடு என்று காலையில் எழுதுகிற குறிப்பிலேயே எப்படிப் போடுகிறீர்கள்? பந்தேலே கெட்டியான சமையல்காரர். தட்டு வரும்வரை யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.


மார்ச் 5

தெஸ்பினா அக்கா,

அக்கா என்று எழுதிப் பார்த்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

எண்ணெய் விட்டேன். சுத்தியலைப் பட்டறையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடி முன் நின்று பழகினேன். கையுறையோடு விரல்கள் தெளிவாகத் தெரியவில்லை. கழற்றிவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும். யாஷ் நகரத்தில் இரண்டு வருடம் தத்துவம் படித்தேன். முடிக்கவில்லை. ஒரு நாளின் மதிப்பு என்ன என்று முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு நாளின் விலை என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இங்கே என் நாளுக்கு ஓர் எண் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் உங்கள் முன் வெட்கம். சிறிதாக இருந்தால் என் முன்.

எப்படியும் காட்டுகிறேன். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது.

மதியம் மீன் சூப். எப்படித் தெரியும் என்பது பத்தாவது பிரிவின்கீழ் ரகசியம்.

காஸியன்


மார்ச் 19

தம்பி,

கடைசியில் எதற்கு முஷ்டியை மூடினீர்கள்?

அது சுழியம் என்று எனக்கு டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக மூடிய முஷ்டியைப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான்: நிறுத்து. எது தொங்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்து. நான் நின்றேன். ஹெலிகாப்டர் படியில். பின்னால் வந்த எலக்ட்ரீஷியன் என் முதுகில் மோதினான். அவன்மேல் அவனுக்குப் பின்னால் வந்த நாலு பேர். இறங்குதளத்து ஆள் என்னைத் திட்டியது உதட்டசைவில் தெரிந்தது. காது மூடியிருந்தது என் பாக்கியம்.

தொகையை எழுத மாட்டேன். நீங்களும் என் கையைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கை நானும் பார்த்தேன். உங்களுடையதைவிட எனக்குக் குறைகிற தொகைக்கு கொன்ஸ்டான்ட்ஸா சந்தையில் தினம் ஓர் ஆட்டுத்தொடை வாங்கலாம். நான் இங்கே வந்து ஆறு வருஷம். நீங்கள் மூன்று வருஷம். ஆறு வருஷத்து ஆட்டுத்தொடைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கோபம் உங்கள்மேல்தான் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க உங்கள் குவளையைக் கழுவாமல் போட்டிருந்தேன். மறுநாள் கழுவிவிட்டேன்.

என் யோசனை இது. இருவருக்கும் ஒரே தொகை. உங்கள் தொகை, அதற்கு மேலே பத்து சதவீதம். கீழே இல்லை. அப்புறம் மூடுபனி நாள்: ஹெலிகாப்டர் பறக்காமல் கரையில் விடுதியில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கு நமக்கு ஒரு காசும் கிடையாது. போன வருஷம் எனக்குப் பதினொரு நாள் அப்படிப் போயிற்று. அதற்கும் முழுச் சம்பளம் வேண்டும்.

ஏப்ரல் முப்பதோடு இருவர் ஒப்பந்தமும் முடிகிறது. அதுவரை கையெழுத்துப் போடக் கூடாது. ஒருவர் போட்டால் மற்றவர் தெருவில் நிற்க வேண்டியதுதான். அது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களை நம்ப எனக்கு ஒரு காரணமும் இல்லை, அந்த பிரேக்கைத் தவிர. பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒருமுறைகூடத் தவறாக எழுதியதில்லை.

தெஸ்பினா


ஏப்ரல் 2

அக்கா,

பிரேக் அப்படியே இருக்கிறது. நான்தான் கொஞ்சம் இழுத்தேன். எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய் பெத்ராக்கே இங்கே வந்தார். இரவல் காலணி, இரவல் தொப்பி. என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். கிரேனில் இருக்கிறேன் என்றேன். ஏறி வந்தார். கடைசி ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"உனக்கு மட்டும் பத்து சதவீதம் ஏத்தித் தர்றேன், ராசா. வெட்டு கிடையாது. அந்தம்மா காதுல போட வேண்டாம். அவங்க வேற ஏஜென்சி, அவங்க தலையெழுத்து."

தாளை நீட்டினார். நாம் கேட்க நினைத்த அதே தொகை. மூடுபனி நாள் இல்லை. நீங்கள் இல்லை.

பேனாவை வாங்கினேன்.

அக்கா, தேதி போட்டேன். இருபத்தாறு, மூன்று. என் கையெழுத்து அழகாகவே இருந்தது. பெயர் எழுதவேண்டிய இடத்தில் கை நின்றது. ஏன் நின்றது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். நல்லவன் என்பதாலா? இல்லை. கீழே சைகைக்காரர் கையை உயர்த்தினார், குழாய்க் கட்டு ஒன்று தூக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு தூக்கினேன். கிரேன் திரும்பியதும் பெத்ராக்கேயின் முகம் கடல் நிறமாயிற்று. தாளைக் கவ்விக்கொண்டு இறங்கினார்.

அந்த ஒரு கட்டுக் குழாய் ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால்?

உங்களிடம் மறைத்திருக்கலாம். பிரேக்கைப் பற்றி நீங்கள் எழுதிய வரியால் மறைக்க முடியவில்லை.

பேனா என்னிடம்தான் இருக்கிறது.

மதியம் பீன்ஸ். ஈஸ்டர் நோன்பு முடியும்வரை இனி எல்லா நாளும் பீன்ஸ்தான்.

காஸியன்


ஏப்ரல் 16

தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை திட்டினேன். இரண்டாம் முறை பெத்ராக்கே ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவதை நினைத்துச் சிரித்தேன். மூன்றாம் முறை படித்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிப்ரவரியில் உங்களுக்குப் பொய் எழுதினேன். நான் சரி என்று சொல்லியிருந்தேன். ஜனவரியில், ஃபோனில். மோல்தோவன் குறைப்பு என்றார், நான் "சரிங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. கப்பல் கட்டும் துறையில் பதினாறு வருஷப் பழக்கம்: மேலிருந்து எது வந்தாலும் முதலில் சரிங்க. உங்கள் பெத்ராக்கே அந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. நீங்கள் தேதியோடு நின்றீர்கள். நான் பேரையே கொடுத்திருந்தேன், வாயால்.

உங்கள் முஷ்டியைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கப் போனேன். மார்ச் கடைசியில். சொந்தப் பணத்தில் தலைமுடியை அலங்கரித்துக்கொண்டு போனேன். மோல்தோவன் எனக்குக் காபி வைத்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். அவருக்கு நிஜமாகவே மனம் வருத்தப்பட்டது.

"வாய்ச் சொல்லுக்கு மதிப்பு இல்லையா தெஸ்பினா? ஜனவரியில சரின்னு சொன்னீங்களே."

எனக்கு அந்த பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஒன்பதாவது பிரிவுல சம்பளத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க மேடம். நான் எப்படித் திறந்திருப்பேன்?"

அவர் காபியைக் கீழே வைத்தார். ஜோடியையே மாற்றிவிடுவோம் என்றார். மாற்றுங்கள் என்றேன். வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்று ஒரு எள் ரொட்டி வளையத்தைத் தின்றேன், பிறகு இன்னொன்று. அன்றைக்கு இருந்த மகிழ்ச்சி எனக்குக் கல்யாண நாளிலும் இல்லை. என் கணவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஏப்ரல் முப்பதுக்கு இரண்டே வாரம். மே ஐந்து ஈஸ்டர். கையெழுத்துப் போடவில்லை. நீங்கள்?

தெஸ்பினா


மே 4, ஈஸ்டர் சனி

அக்கா,

பிரேக் நன்றாக இருக்கிறது. மற்றதெல்லாம் கீழே.

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டர் வரவில்லை. உங்களுக்குத் தெரியும், அதே மூடுபனியின் மறுபக்கம், கரையில், நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். என் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. புதன் காலை எழுந்தேன். கிரேனில் ஏறவில்லை. ஒரு மனிதன் தன் வேலையிடத்தில் வேலை இல்லாமல் இருப்பது விசித்திரமான அனுபவம். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று பனியைப் பார்த்தேன். அது எனக்குச் சம்பளம் தரவில்லை. நானும் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

வியாழன் பனி கொஞ்சம் விலகியது. பறப்பதற்குப் போதாது, படகுக்குப் போதும். சரக்குப் படகு வந்து அடியில் நின்றது. ஆறு ஆட்டுக்குட்டி, முந்நூறு முட்டை, சிவப்புச் சாயம், ஈஸ்டர் இனிப்பு ரொட்டி. இங்கே அறுபது பேர் நாற்பத்தைந்து நாளாக பீன்ஸ் தின்றவர்கள்.

தளத் தலைவர், வெலிக்கு என்பவர், என்னைச் சாப்பாட்டு அறையில் கண்டுபிடித்தார்.

"ஏன்யா, கிரேன் ஏறல?"

"எனக்கு இங்க வேலை இல்ல சார். செவ்வாயோட முடிஞ்சுது. இப்ப நான் விருந்தாளி."

 அவர் பந்தேலேயிடம் திரும்பி, விருந்தாளிக்கு இன்னொரு டீ கொடு என்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். டீயைக் கொடுக்கும்போது பந்தேலேயின் கண் படகுப் பக்கமே இருந்தது. ஆறு ஆட்டுக்குட்டி கடலில் ஆடிக்கொண்டிருந்தது அவருக்கு.

எல்லோரும் ரேடியோ அறைக்குப் போனோம். எல்லோரும் என்றால் எல்லோரும். கதவு மூடவில்லை. வெலிக்கு பெத்ராக்கேயை ஃபோனில் பிடித்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

பெத்ராக்கே குரல் தேன். "ராசா, நீ இப்ப இறக்கிடு, பண்டிகை நேரம், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." ஒப்பந்தம் இல்லாத ஆள் கிரேனைத் தொட்டால் காப்பீடு செல்லாது, அது உங்கள் தாளிலேயே இருக்கிறது என்றேன். சரி, அன்றைக்குச் சொன்ன தொகையைத் தருகிறேன் என்றார். அக்காவுக்கும் அதே தொகை, மூடுபனி நாளும் சேர்த்து என்றேன்.

"அவங்க என் ஆளு இல்லையே ராசா!"

பின்னாலிருந்து யாரோ, "அப்ப ஆட்டுக்குட்டியும் உன் ஆளு இல்ல," என்றார். பந்தேலே. வாழ்க்கையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இருபது நிமிடம். பெத்ராக்கேயும் மோல்தோவனும் ஒரே ஊரில், ஒரே தெருவில் இத்தனை வருடம் ஒருவரோடொருவர் பேசாமல் தொழில் நடத்தியவர்கள். அன்று பேசினார்கள். திரும்ப ஃபோன் வந்தது. பெத்ராக்கே தொகையைச் சொன்னார். உரக்க. ஒலிபெருக்கியில். அறுபது பேர் முன்னால். ஒன்பதாவது பிரிவை முதலில் மீறியது அவர்தான்.  பெயிண்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தொலைநகலில் தாள் வந்தது. படித்தேன். எல்லாம் இருந்தது. பெயரை எழுதினேன். அவருடைய பேனாவாலேயே.

ஆட்டுக்குட்டிகளைத் தூக்கியதுபோல் அவ்வளவு மெதுவாக நான் எதையும் தூக்கியதில்லை.

ஆனால் உங்கள் கையெழுத்து பற்றி எனக்குத் தெரிந்தது அவர்கள் வாயால் சொன்னது மட்டும். இன்று காலை ஹெலிகாப்டர் உறுதி. நீங்கள் இறங்கும்போது ஒரு சைகை காட்டுங்கள். எது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். முஷ்டி மட்டும் வேண்டாம்.

காஸியன்


மே 14

காஸியன்,

கிறிஸ்து உயிர்த்தார். மெய்யாகவே உயிர்த்தார் என்று நீங்கள் படிக்கும்போது சொல்லிக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கிய பிறகுதான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். சைகை கேட்டிருக்கிறீர்கள். நான் கேட்காமலே காட்டிவிட்டேன், இல்லையா? ஆள்காட்டி விரல் மேலே, மெதுவாக ஒரு வட்டம். தூக்கு. நிதானமாகத் தூக்கு. நீங்கள் சிரித்தீர்கள். மூன்று வருஷத்தில் உங்கள் பல்லை முதல் முறை பார்த்தேன். முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. அந்தச் சுத்தியலா?

என் பக்கத்துக் கதை சின்னது. வியாழன் விடுதியில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். நல்ல கை எனக்கு. மோல்தோவன் காரை எங்கேயோ விட்டுவிட்டுப் பனியில் நடந்து வந்தார். காலணி முழுக்கச் சேறு. தாளை நீட்டி, "அந்தப் பையன் ஏற மாட்டேங்கிறான் தெஸ்பினா, சீக்கிரம்," என்றார். இந்த ஆட்டம் முடியட்டும் மேடம் என்றேன். உட்கார்ந்தார். முடிகிறவரை உட்கார்ந்திருந்தார். என் கையைப் பார்த்து, அந்த ராணியை இறக்காதீர்கள் என்று காதில் சொன்னார். அவருக்கு ஆட்டம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஜெயித்தேன். அப்புறம்தான் தாளைப் படித்தேன். முதல் தேதியிலிருந்து, மூடுபனி நாளும் சேர்த்து. நான் சீட்டாடிய நேரத்துக்கும் சம்பளம் ஓடியிருக்கிறது.

ஒன்பதாவது பிரிவு அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை. அதில் விரலைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆனால் இங்கே எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. போன செவ்வாய் ஆள் மாறும்போது பெயிண்டர்கள் படியில் நின்று ஒருவருக்கொருவர் விரல் காட்டினார்கள். அப்புறம் சாரம் கட்டுகிறவர்கள். சுழியத்துக்கு என்ன செய்வது என்று என்னிடம் வந்து கேட்டார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்க்கச் சொன்னேன், முஷ்டி ஆபத்து என்றேன். இறங்குதளத்தில் தேவையற்ற கையசைவு கூடாது என்று வெலிக்கு ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பெத்ராக்கேக்கும் மோல்தோவனுக்கும் இந்தக் கோடையில் நிறைய காபி செலவாகும்.

பண்டிகை அன்று ஆட்டுக்குட்டி நன்றாக இருந்தது. உங்கள் பங்குக்கு ஒரு சிவப்பு முட்டையைக் குவளையில் வைத்திருக்கிறேன். சாப்பிடாதீர்கள். பத்து நாள் ஆயிற்று. பார்க்க மட்டும்.

குறிப்பு: பிரேக் பழையபடிதான். காற்று தெற்கே திரும்பியிருக்கிறது.

போவதற்கு முன் நாற்காலியை உங்கள் உயரத்துக்கு ஏற்றினேன். எண்ணெயில் ஒற்றைக் கையாலேயே ஏறியது. சரியாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். கால் அந்தரத்தில் தொங்கியது. கடல் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அப்புறம் வலது பக்கம் கீழே, தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில், ஒரு சின்ன ஜன்னல். என் உயரத்திலிருந்து அது தெரியவே தெரியாது. ஜன்னலுக்குள் அடுப்பு. அடுப்புக்கு முன்னால் பந்தேலே.

மூன்று வருஷம் தம்பி. வாய் திறக்காத அந்த மனுஷர் பாத்திரத்தைத் திறந்துதானே ஆக வேண்டும்.

மதியம் பீன்ஸ். ஆனால் இந்தத் தடவை புகை போட்ட பன்றித் தொடையோடு.

தெஸ்பினா